அலறலுக்கு எண்ணிக்கை ஏது?

1968 மே மாதம் பாரிஸ் நகரில் போராடிய மாணவர்கள் நுண்கலைப் பள்ளியில் ‘மக்கள் பட்டறை’ அமைத்துச் சுவரொட்டிகள் அச்சிட்டனர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் வழியே மையை அழுத்தும் திரையச்சு, குறைந்த செலவில் படிகளைப் பெருக்கித் தந்தது. எவரும் கையொப்பமிடவில்லை, விற்கவும் மறுத்தனர்.

பெருக்குவதற்கென்றே ஏற்ற அம்முறையில் இன்று வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைக்கின்றனரே, ஏன்? 1972-இல் வியட்நாமில் நாபாம் தீயில் வெந்து ஓடிய சிறுமியின் இரு கைகளையும் மிக்கி மௌஸும் மெக்டொனால்டு கோமாளியும் பிடித்து நடத்திச் செல்வதாகத் தெருவோவியர் பேங்க்ஸி 2004-இல் ஒரு திரையச்சுப் படம் வெளியிட்டார். கையொப்பமிட்ட படிகள் 150, இடாதவை 500. வணிகத்தைக் கண்டித்த படமே வணிகப் பொருளாயிற்று. சிறுமியின் அலறலும் அரிதாக்கப்பட்டு விலை பெற்றது.

பேணிக் காப்போரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் இல்லையேல் பாரிஸ் சுவரொட்டிகள் மழையில் கரைந்திருக்கும். விலை ஏறட்டுமெனச் சுருட்டிப் பூட்டி வைப்போரையே கடிந்துரைக்கிறோம். ஊரைக் கூட்டி நீதி கேட்கப் பிறந்த படத்தை ஒருவர் பெட்டிக்குள் அடைப்பது, சாட்சியின் வாயைப் பொத்துவதாகும். வாங்கியோரே, அதைப் பலர் காணும் சுவரில் மாட்டுங்கள். இல்லையேல் அதன் பொருளை இழந்து தாளை மட்டுமே வைத்திருக்கிறீர்கள் என்போம்.