அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள்!

"ஒரு பொத்தான் போட இவ்வளவு நேரமா? பஸ் போய்விடும், அப்பா!"

இப்படிச் சத்தம் போட்டவன் நான்தான்.

அப்பா பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய விரல்கள் பொத்தானோடு போராடின.

அது சோம்பல் அல்ல, வியாதி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வியாதிக்கு "பார்க்கின்சன் நோய்" என்று பெயர். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். 1817-ம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது.

காரணம் என்ன?

நம் மூளையின் நடுப்பகுதியில் உள்ள சில உயிரணுக்கள் "டோபமின்" என்ற பொருளை உண்டாக்குகின்றன. கை கால்கள் தடையின்றி அசைய அது தேவை.

அந்த உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தால், டோபமின் குறைகிறது. கை நடுங்குகிறது. உடல் விறைக்கிறது. நடை தளர்கிறது. குரல் தாழ்கிறது. முகத்தில் சிரிப்புகூடச் சரியாகத் தெரிவது இல்லை.

"பேரன் வந்தும் தாத்தா சிரிக்கவில்லையே!" என்று கோபிக்காதீர்கள். அவர் மனதில் அன்பு இருக்கிறது. முகம்தான் காட்ட மறுக்கிறது.

இது தொற்று நோய் அல்ல. இதை அடியோடு குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால், தொல்லையைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. 1960-களில் வந்த "லெவோடோபா" இன்றும் முக்கியமான மருந்து.

டாக்டர் சொன்ன மணிக்கு மாத்திரை கொடுங்கள். நேரம் தவறினால் உடம்பு மீண்டும் விறைத்துக்கொள்ளும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இழுக்காதீர்கள்

சில சமயம், தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அவர் வாசற்படியில் நின்றுவிடுவார். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்துவிடுவார்.

"ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். தரையில் ஒரு கோடு இருந்தால், அதைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் நகர்ந்துவிடும்.

அவரால் முடிந்த வேலையை அவரே செய்யட்டும். எல்லாவற்றையும் பிடுங்கி நாமே செய்தால், "நான் எதற்கும் உதவாதவன்" என்று அவர் ஒடுங்கிப்போவார்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கும் இந்த நோய் இருந்தது. 1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் சுடரை ஏற்றியவர் அவர்தான். கை நடுங்கியது. யாரும் ஓடிவந்து தீவட்டியைப் பிடுங்கவில்லை. உலகமே பொறுத்திருந்து பார்த்தது, கைதட்டியது.

ஒரு பொத்தானுக்காக நாம் பொறுக்கக்கூடாதா?

சுமையைப் பங்கிடுங்கள்

பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. பல வீடுகளில், பாரம் முழுவதும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அம்மா பார்க்கிறார், அல்லது மருமகள் பார்க்கிறாள். இரவில் பல தடவை எழுந்து, அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும் அவர்களே. தூக்கம் இல்லாதவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஆண்பிள்ளைகளே, முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு நீங்கள் விழித்திருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில், வெளியே புறப்பட அரை மணி நேரம் முன்னதாகவே அப்பா சட்டையை எடுக்கிறார். கடைசிப் பொத்தானைப் போடும்வரை நாங்கள் நிற்கிறோம்.

பஸ் போனால் போகட்டும். அடுத்த பஸ் வரும்.