நீல அலையும் கண்ணாடிச் சிமிழும்



2019 ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவு திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் கடல் அலைகள் நீல நிறத்தில் மின்னின. செய்தி பரவியதும் பலர் ஓடிப்போய்ப் படம் பிடித்தார்கள்.

மின்னியது ‘நாக்டிலூகா’ என்னும் மிதவை உயிரி. உடம்பில் ஒரே ஒரு செல்தான். அலை மோதி அசைத்தால் ஒளிரும். பார்க்க அழகுதான். ஆனால், கழிவுநீர் கலந்து கடலில் சத்துகள் கூடினால் இது அளவுமீறிப் பெருகக்கூடும். அப்போது நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். 2008இல் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது.

நம் கடல் மாறிவிட்டதா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முன்பு அதில் என்னென்ன இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா?

எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஆர்.சுப்பிரமணியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில், பாசி ஆராய்ச்சியின் முன்னோடியான எம்.ஓ.பி.அய்யங்காரிடம் பயின்றவர். சென்னைக் கடலில் மிதக்கும் ‘டயாட்டம்’ என்னும் நுண்பாசிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, வகை பிரித்து, 1946இல் நீண்ட ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். டயாட்டத்தின் ஓடு, மூடி போட்ட கண்ணாடிச் சிமிழ் போல இருக்கும். நாக்டிலூகாவுக்கு இது சாப்பாடு! உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி, கடலில் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களின் வேலைதான். சுப்பிரமணியன் பிற்பாடு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, மேற்குக் கடற்கரையின் மிதவைப் பாசிகளையும் ஆராய்ந்தார்.

உங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. தாம்பரம் - வேளச்சேரி சாலையில் போகும்போது பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம் என எதைப் படித்தாலும் கடலுக்கு வேலை செய்யலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குத்தான் போகிறது. நம் தெருவில் வீசும் குப்பையும் சாக்கடையும் கூடவே போகும். அங்கே அந்தச் சிமிழ்கள் வாழ்கின்றன என்பதை மறக்கக்கூடாது.

ஏரியிலும் மிதவை உயிரிகள் உண்டு. பெரியவர் ஒருவர் துணையோடு ஒரு பாட்டில் ஏரி நீர் எடுத்துவந்து, பள்ளி நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் வரையுங்கள். அடுத்த மாதமும் பாருங்கள், வரையுங்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி போட மறக்காதீர்கள்!

அன்புடன்,
ஆசிரியர்