கால் பழகாது, சப்பாத்தை மாத்துங்க

"கால் பழகிரும்" என்ற வார்த்தையைக் கேட்காமல் மலையகத்தில் ஒரு பிள்ளையும் வளர்வதில்லை. ஸ்கூல் சப்பாத்து கடிச்சா, கால் பழகிரும். அக்காவோட பழைய செருப்பு பெருசா இருந்தா, கால் பழகிரும். கெம்பஸ் வந்த பிறகு, இருபது வயசு தாண்டி முதல்தடவையா உதைபந்து பழகி, அண்ணன்மாரோட பழைய பூட்ஸ்ல ஒரு வருஷம் ஓடி, "இனி சொந்தமா ஒன்னு வாங்குவோம்" என்று நிற்கிற பெண்கள் நாங்கள். எங்களுக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது.

முதலில் வெறுங்கால் பெருமையைப் பேசி முடிப்போம். "நாங்கெல்லாம் வெறுங்காலோட ஆடினவங்க, பூட்ஸா ஆடுது?" என்று கேட்கிறவர்கள் 1911இல் மோகன் பகான் வெள்ளைக்கார ரெஜிமென்ட் அணியைத் தோற்கடித்த கதையைச் சொல்வார்கள். உண்மைதான், அந்த அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்கால். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை யாரும் சொல்வதில்லை. அங்கே பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

எங்கள் பூட்டன் பூட்டிமாரும் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வெறுங்காலோடுதான் நடந்தார்கள். 2023இல் மலையகம் 200ஐ ஒட்டி அதே வழியில் நடந்து அதை நினைவுகூர்ந்தோம். நினைவுகூர்வது வேறு, அந்த நிலைமையைப் பெருமையாக்குவது வேறு. சப்பாத்து இல்லாதது அவர்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கை இல்லை. இல்லாமையைப் பாரம்பரியம் ஆக்காதீங்க.

அடுத்தது கடை. "ஒரு சைஸ் பெருசா எடுங்க தங்கச்சி, ரெண்டு சொக்ஸ் போட்டா சரியாகிரும்." வளர்ற பிள்ளைக்குச் சொல்றதை வளர்ந்த எங்களுக்கும் சொல்றாங்க. எங்க கால் இனி வளராது. பெரிய பூட்ஸுக்குள் கால் வழுக்கும், குதிகால் தூக்கும், கொப்புளம் வரும். பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, விளையாடுகிற அதே சொக்ஸைப் போட்டு, இரண்டு காலையும் அளந்து பாருங்க. பெரிய காலுக்குத்தான் சைஸ். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி போதும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிச் சட்டென்று நில்லுங்க. குதிகால் அசைந்தால் வேண்டாம் என்று சொல்லிட்டு வெளியே வாங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். பெரும்பாலான பூட்ஸ் ஆண்களின் காலை அச்சாக வைத்துச் செய்தவை. பொதுவாகப் பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு பார்க்கும்போது குதிகால் ஒடுக்கம். அதனால் முன்னால் சரியாக இருந்தால் பின்னால் தளரும். இது நாங்கள் லயத்துக்குள் இருந்து கற்பனை பண்ணிய குறை இல்லை. 2023இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகளில் ஆடும் பெண்களிலேயே 82 வீதமானோர் பூட்ஸ் அசௌகரியமாக இருப்பதாகச் சொன்னார்கள். அவங்களுக்கே அப்படின்னா, அண்ணன் போட்டுத் தேய்ஞ்ச பூட்ஸ்ல ஓடுற எங்களுக்கு?

மூன்றாவது, பிராண்ட் பைத்தியம். டிவியில் பெரிய ஆட்டக்காரர் போடும் மொடல் அவருடைய புல்தரைக்குச் செய்தது. எங்கள் தோட்டத்துக் கிரவுண்டில் புல் எங்கே இருக்கு? ஜனவரி முதல் மார்ச் வரை கல்லுத்தரை, மே மாதத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கம் சேறு. இறுகிய தரையில் நீளமான ஸ்டட் இறங்காது, உள்ளங்காலைக் குத்தும். காலை ஊன்றித் திரும்பும்போது மாட்டினால் முழங்கால் முறுகும். முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். கல்லுத்தரைக்கு அடியில் சின்னச் சின்ன ரப்பர்க் குமிழ்கள் நிறைய உள்ள 'டர்ஃப்' வகை போதும். சேற்றுக்கு ரப்பர் ஸ்டட். இரும்பு ஸ்டட் நமக்குத் தேவையே இல்லை.

விலை கூடினால் பழகுகிறவருக்கு நல்லது என்பதும் பொய். ஐஸ் ஸ்கேட்டிங்கில் இது தெளிவாகத் தெரியும். பெரிய தாவல் போடுகிறவர்களுக்குச் செய்த விறைப்பான பூட்டைப் புதிதாகப் பழகுகிறவர் போட்டால் கணுக்காலை மடக்கக்கூட முடியாது. உங்கள் ஆட்டத்துக்கும் உடம்புக்கும் பொருந்துகிற படியில் வாங்குவதுதான் முன்னேற்றம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அம்மாவின் எத்தனை நாள் கொழுந்து ஒரு ஜோடி பூட்ஸ் ஆகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தப்பான ஜோடி வாங்க எங்களுக்கு வசதியில்லை. வாங்கினதைக் காப்பாத்துங்க: நனைந்தால் அடுப்படியில் வைக்காதீங்க, பசை விட்டுரும். உள்ளே பேப்பர் திணித்து நிழலில் காயப் போடுங்க.

கடைசியாக, உதவி செய்கிறவர்களுக்கு. அளவே கேட்காமல் மூட்டையாகக் கொண்டுவந்து, படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் பூட்ஸ் எங்களுக்கு வேண்டாம். அதில் பாதி யார் காலுக்கும் சேராமல் கிளப் அறையில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பழைய பேப்பரில் ஒவ்வொருவர் காலையும் வரைந்து எடுக்க அரைமணித்தியாலம் போதும். அதைச் செய்ய நேரமில்லாதவர் எங்களை மனிதராக இல்லை, எண்ணிக்கையாகத்தான் பார்க்கிறார்.

"இந்த வயசுல எதுக்கு பந்து?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று. பெரிய பிள்ளையானதும் கிரவுண்ட் பக்கம் போகாதே என்று நிறுத்தியது நீங்கள். அதனால்தான் இந்த வயசில் தொடங்குகிறோம். தாமதமாக வந்ததற்காகத் தளர்ந்த சப்பாத்தில் ஓடச் சொல்லாதீங்க. கால் எவ்வளவோ பழகிருச்சு. இனி சப்பாத்து எங்க காலுக்குப் பொருந்தட்டும்.