சீதன வீட்டின் விலை யாது?

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கடலோர வீதி வழியே செல்பவர் இருமருங்கும் எழுந்து நிற்கும் கல்வீடுகளைக் கண்டு, 'ஊர் செழித்துவிட்டது' என்பர். அவ்வீடுகளை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் சிலரே. அவற்றுட் பல, சவூதி அரேபியாவிலே பிறர் வீட்டுக் குசினிகளிற் கழிந்த ஆண்டுகளால் எழுந்தவை. நான் குடியிருக்கும் வீடும் அத்தகையதே. என் மனைவிக்கு இச்சீதன வீட்டைக் கட்டுவதற்காக என் மாமி புரைதா என்னும் நகரிலே ஆறு ஆண்டுகள் வீட்டுப்பணி செய்தார். ஆகவே, பிறரைச் சாடுமுன் என்னையும் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்திவிட்டே எழுதுகிறேன்.

புரைதா, அல்-கஸீம் மாகாணத்தின் தலைநகர். கடற்காற்று எட்டாத நஜ்து மேட்டுநிலத்திலே அமைந்தது. கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். எனினும் அது வேளாண்மை நகர்; அதன் பேரீத்தம்பழச் சந்தை உலகப் புகழ் பெற்றது. ஆயின், அங்கே பயிரை வளர்ப்பது மழையன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்திலே தேங்கிய நீர். 1980களிலே அந்நாடு அரச மானியத்தால் பாலையிற் கோதுமை விளைவித்து ஏற்றுமதியும் செய்தது. நிலத்தடி நீர் வற்றுவதைக் கண்டதும், உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவைப் படிப்படியாகக் குறைத்து 2016இல் நிறுத்துவதென 2008இலே தீர்மானித்தது. மீளாத நீருக்குக் கணக்குப் பார்க்க அரசு இருந்தது. மீளாத ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தவர் யார்?

"அந்தச் சந்தைய நான் காணவேயில்ல மருமகன், குசினிக்கு வந்த பெட்டியத்தான் கண்டநான்" என்றார் மாமி. ஒரு நகரிலே ஆறு ஆண்டுகள் வாழ்ந்தும் அதன் வீதியை அறியாதவரை, அந்நகரிலே குடியேறியவர் என்று கூறுதல் தகுமா? குடும்பத்தோடு செல்லும் வைத்தியரும் பொறியியலாளரும் அங்கே 'நிபுணர்' எனப்படுகின்றனர், இவரோ 'கத்தாமா'. இப்பாகுபாடு பெயரோடு நிற்கவில்லை. கபீலின் அனுமதியின்றித் தொழிலாளர் வேலை மாறலாம் என்னும் சீர்திருத்தம் 2021 மார்ச்சிலே நடைமுறைக்கு வந்தபோது, வீட்டுப் பணியாளரும் தோட்டத் தொழிலாளரும் அதற்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டனர். விளைநிலத்தையும் வீட்டையும் பேணும் கைகளுக்கே அவ்வாசல் அடைபட்டது.

நம் நாட்டு அரசு செய்தது யாது? வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இலே அனுப்பப்பட்ட மூதூர்ச் சிறுமி ரிஸானா நபீக்குக்கு, 2013 ஜனவரி 9ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டே குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது; ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் செல்லலாகாது எனப்பட்டது. கடவுச்சீட்டைத் திரித்த தரகர் உலகை விட்டுவிட்டுத் தாயைப் பிடித்தனர். 2022இலே திறைசேரியில் டொலர் தீர்ந்தது. அந்த வயதெல்லையும் இரண்டாகக் குறைந்தது. மூன்று ஆண்டுத் தாய்மையை அந்நியச் செலாவணி விழுங்கிவிட்டது!

ஊரார் நிலையோ இன்னும் விந்தை. 'பெண் தனியே கடல் கடந்து போவது மானக்கேடு' என்று மேடையிலே முழங்குவர். 'தாய் போனதால் பிள்ளை படிப்பைக் கெடுத்தான்' என்று ஆசிரியர் அறையிலே நாம் பெருமூச்செறிவோம். அத்தாய் எதற்காகப் போனாள்? கல்லோயாத் திட்டம் 1949இலே தொடங்கியது. அதன் நீர் சம்மாந்துறை வயல்வரை பாய்கிறது. அந்நீர் பாயும் வயலில் ஒரு துண்டும் சொந்தமில்லாத கூலிக்காரனின் மனைவி அவள். வீடின்றி மகளுக்கு மாப்பிள்ளை இல்லை. படித்த மாப்பிள்ளையாயின் வீட்டோடு ரொக்கமும் வேண்டும். மஹரை ஆண் கொடுக்கவேண்டும் என்பது மார்க்கம். நாமோ பெண்ணிடம் கைக்கூலி வாங்குகிறோம். தாய்க்குக் கூலி, மருமகனுக்குக் கைக்கூலி! இரண்டும் ஒரே பணந்தான்.

மணமகன் பெண்வீட்டிலே குடிபுகும் நம் வழக்கத்திலே ஒரு நன்மையும் இருந்தது. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பலம் என்பதை மறுப்பதற்கில்லை. மறுக்கவேண்டியது, அவ்வீட்டை மணத்தின் விலையாக்கிய பேரத்தையே. அவ்வாறே, பெண்கள் வெளிநாடு செல்வதைத் தடுப்பதும் தீர்வாகாது. விரும்பிச் செல்பவருக்கு எழுத்திலான ஒப்பந்தமும், உரிய சம்பளமும், ஓய்வுநாளும், அழைத்தவுடன் கதவு திறக்கும் தூதரகமும் வேண்டும். வேறு வழியின்றிச் செல்பவருக்கோ ஊரிலே தொழிலும் நிலமும் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! புரைதாவிலுள்ள கபீல் ஒருவன். நம்மூரிலே மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் கபீல்கள் பலர். முன்னவனைத் திருத்த நம்மிடம் அதிகாரமில்லை. பின்னவர் நாமே.

நான் வாங்கிய ஆறு ஆண்டுகளை மாமிக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். இப்போதுதான் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். அவனுக்காக எந்தத் தாயின் ஓர் ஆண்டையும் கேட்பதில்லை என்று மாமியின் முன்னிலையிலே சொல்லியிருக்கிறேன். அதை இங்கே அச்சிலும் ஏற்றிவிடுகிறேன்; நாளை நான் தவறினால் இவ்விதழைக் காட்டி என்னைக் கேளுங்கள்.