வந்த பின் அழுவதா? வருமுன் கேட்பதா?

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பிரம்மாண்டமான பேட்டரி நிலையங்கள் தமிழகத்துக்கு வர இருக்கின்றன. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், 1000 மெகாவாட்-மணி கொள்ளளவுக்கு இத்தகைய நிலையங்களை அமைக்கத் தனியாரிடம் டெண்டர் கோரியது. 1000 மெகாவாட்-மணி என்றால் 10 இலட்சம் யூனிட் மின்சாரம்!

இன்று வேறு மாவட்டத்தில் அமையும் நிலையம், நாளை பாகாயத்திலோ பேரணாம்பட்டிலோ ஒரு துணை மின் நிலையத்தின் மதிலை ஒட்டி அமையலாம். அப்போது நாம் என்ன செய்யப் போகிறோம்? வேலி அடைத்து, இயந்திரம் இறக்கிய பிறகு கூட்டம் போட்டுக் கலைவதா? அல்லது முதல் கல் ஊன்றப்படும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்பதா?

திட்டம் கெட்டதா?

இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழகத்தில் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் இருக்கின்றன. ஆடிக் காற்றில் அவை சுழன்று தள்ளுகின்றன. பகல் வெயிலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. ஆனால் வீடுகளிலும் கடைகளிலும் விளக்கு ஏற்றும் மாலை நேரத்தில் பற்றாக்குறை வந்துவிடுகிறது. மிஞ்சும் நேரத்தில் சேர்த்து, தேவைப்படும் நேரத்தில் எடுப்பதற்குத்தான் பேட்டரி. 2008 முதல் 2013 வரை மின்வெட்டில் தவித்து, டீசல் ஜெனரேட்டருக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்த நம் வணிகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. டெல்லி ரோகிணியில் 2019-இலேயே 10 மெகாவாட் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது.

ஆகவே, 'வேண்டவே வேண்டாம்' என்று கூச்சல் போடுவது நம் நோக்கமல்ல. ஆனால் 'நல்லது' என்ற ஒரே சொல்லை நம்பி வாயை மூடிக் கொண்டிருக்கவும் நாம் தயாராக இல்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

லித்தியம் பேட்டரிக்குள் ஒரு சிறு செல் பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றும். அது அடுத்ததைப் பற்றும். எரியும் வாயுவும் நச்சு வாயுவும் வெளிவரும். அணைந்துவிட்டது என்று நினைத்த தீ, நாட்கள் கழித்து மீண்டும் எழும். இதை அறிய நாம் அயல்நாட்டுக்குப் போக வேண்டாம். 2022 மார்ச் மாதம் நம் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தகப்பனும் மகளும் மாண்டார்களே! ஒரு ஸ்கூட்டர் பேட்டரிக்கே இந்த நிலை என்றால், கண்டெய்னர் கண்டெய்னராக அடுக்கி வைத்த பேட்டரிக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பது குற்றமா?

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், புகைந்து கொண்டிருந்த பேட்டரிக் கூடத்தின் கதவைத் திறந்ததும் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரையே இழந்தார்கள். தென் கொரியாவில் 2017 முதல் 2019 வரை 20-க்கும் மேற்பட்ட பேட்டரி நிலையங்கள் எரிந்தன. 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங்கில் 300 மெகாவாட் நிலையம் தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பக்கத்துச் சதுப்பு நிலத்து மண்ணில் நிக்கல், கோபால்ட் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில் தீ மீண்டும் எழுந்தது!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த விபத்துகளில் பாடம் கற்று, பேட்டரியின் வகையை மாற்றினார்கள். ஒரே கட்டடத்துக்குள் அடைக்காமல் இடைவெளி விட்டு வைக்கும் முறை வந்தது. விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்தும் இருக்கிறது. அப்படியானால், அந்தப் பாதுகாப்பு முறைகள் அனைத்தும் நம் ஊருக்கு வரும் நிலையத்திலும் இருக்கின்றனவா? மருத்துவக் கல்லூரியும் குடியிருப்புகளும் உள்ள பாகாயம் போன்ற இடத்தில் இதைக் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

பாலாறு சொல்லும் பாடம்

தாமதமாகக் கேட்ட கேள்விக்கு எவ்வளவு விலை என்பதை இந்த மண்ணைப் போல அறிந்த மண் வேறில்லை. தோல் கழிவுநீரால் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானது என்ற ஆய்வு உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. விவசாயி நிலத்தை இழந்தான். ஷாப்புகள் பூட்டப்பட்டபோது தொழிலாளி கூலியை இழந்தான். சிறு முதலாளி, அபராதத்துக்கும் சுத்திகரிப்புக்கும் கடன் வாங்கி நொடிந்தான். யாருக்கு இலாபம்? நஷ்டஈடு விவகாரம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் அதைப் பற்றி ஆணையிட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 29 ஆண்டுகள்!

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைக்க வந்த வங்காளத்து ஏழைகளே அவர்களில் பெரும்பாலோர். அதே ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1995-இல் மூடப்பட்டது. ஆலை போனது, இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது.

ஆனால் 1996 தீர்ப்பு நமக்கு ஓர் ஆயுதத்தையும் தந்திருக்கிறது. ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் தொடங்குபவனுடையது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். இந்த மூன்றும் நம் வேலூர் வழக்கில்தான் இந்நாட்டுச் சட்டமாக நிலைபெற்றன. நாடெங்கும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். வேலூர் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்த வகைப் பேட்டரி? ஒரு கண்டெய்னர் எரிந்தால் அடுத்ததற்குப் பரவாது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டா?

2. வீடு, பள்ளி, மருத்துவமனை, கிணறு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம்?

3. நம் தீயணைப்பு நிலையத்துக்குப் பயிற்சியும் கருவியும் தரப்பட்டனவா? தீயை அணைக்க ஊற்றும் நீர் எங்கே போய்ச் சேரும்? பாலாற்றுக்கா?

4. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குக் காப்பீடு உண்டா?

5. ஆயுள் முடிந்த பேட்டரியை 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி எடுத்துச் செல்வது யார்? அதற்கான பணம் இப்போதே வைப்புத் தொகையாகக் கட்டப்படுமா?

இவற்றை யாராவது நம்மைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்பை வலியுறுத்தும் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை வெளியானபோது, அதன் பட்டியலில் பேட்டரி நிலையம் இடம்பெறவில்லை. எனவே கூட்டம் தானாக நடக்கும் என்று காத்திருப்பது ஏமாளித்தனம்.

இளைஞர்களே! கிராமமானால் கிராம சபையில், மாநகராட்சி வார்டானால் பகுதி சபையில் எழுந்து நின்று இந்தக் கேள்விகளைப் பதிவு செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் பீதியைப் பரப்பாதீர்கள்; ஒரு பொய்த் தகவல் பத்து நியாயமான கேள்விகளைக் கெடுத்துவிடும்.

வணிகப் பெருமக்களே! நாளை உங்கள் காலி மனையைக் குத்தகைக்குக் கேட்டு வருவார்கள். வாடகைத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பேட்டரியை அகற்றி, மண்ணைச் சுத்தமாக ஒப்படைக்கும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

ஜமாஅத்தார்களே! இதில் சாதி, மதம் பார்க்காதீர்கள். நச்சுப் புகை தெருவைப் பிரித்துப் பார்த்து வீசாது. கோயில் நிர்வாகிகளையும் சர்ச் நிர்வாகிகளையும் விவசாயிகளையும் அழைத்து ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள்.

பதில் சரியாக இருந்தால் நிலையத்தை வரவேற்போம். பதில் இல்லையென்றால், பதில் வரும் வரை ஒரு கல்லும் ஊன்ற வேண்டாம் என்போம். 29 ஆண்டுகள் நஷ்டஈட்டுக்கு அலைவதைவிட, ஒரு நாள் கிராம சபையில் எழுந்து நிற்பது எளிது!