பெயர் வியாபாரம்

மனை வாங்கி விற்பவர்கள் உண்டு. மாடு வாங்கி விற்பவர்களும் உண்டு. வெறும் பெயரை வாங்கி விற்றே லட்சாதிபதியாகிவிடலாம் என்று கிளம்பியிருப்பவர்களும் இன்று உலகெங்கும் ஏராளம்!

இண்டர்நெட்டில் ஒரு கம்பெனிக்கோ கடைக்கோ விலாசமாக நிற்பதுதான் ‘டொமைன்’ பெயர். முதலில் பதிவு செய்தவருக்கே அது கிடைக்கும். எதற்காகக் கேட்கிறார் என்று பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. வியாபாரம் முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து முளைத்ததுதான்.

1985 மார்ச் 15-ம் தேதி அமெரிக்காவில் ஸிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி பதிவு செய்ததே முதல் ‘டாட் காம்’ பெயர். 1995 வரை இதற்குக் கட்டணமே கிடையாது. ‘பிஸினஸ் டாட் காம்’ என்ற பெயர் 1997-ல் ஒன்றரை லட்சம் டாலருக்கு விலை போயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1999-ல், அதே பெயர் 75 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2019-ல் ‘வாய்ஸ் டாட் காம்’ 3 கோடி டாலருக்கு விற்றது! இப்படிப்பட்ட செய்தி காதில் விழுந்தால் யாருக்குத்தான் சபலம் தட்டாது?

ஆனால், இதை ‘வாங்குவது’ என்று சொல்வதே பிழை. இது குத்தகை. அதிகபட்சம் பத்து வருஷத்துக்குத்தான் எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். சும்மா கிடக்கும் மனைக்கு யாரும் வருஷா வருஷம் கிரயத்தையே திரும்பக் கட்டுவதில்லை. இங்கே ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. ஒரு பெயருக்கு வருஷத்துக்குப் பத்து டாலர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பெயர் வைத்திருப்பவர் பதினாயிரம் டாலர் கட்டியாக வேண்டும். நூற்றுக்கு ஒன்று வீதம் பத்துப் பெயர் விற்றால், ஒவ்வொன்றும் ஆயிரம் டாலர் பெற்றால்தான் கட்டணத்துக்குச் சரியாகும். தரகர் கமிஷன் வேறு!

சந்தையில் கத்தரிக்காய் போகாவிட்டால் மாலையில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். ஒரு குறிப்பிட்ட பெயரை வேண்டுகிறவரோ உலகத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர். அவருக்கும் அவசரமில்லை. ‘டாட் காம்’ வகையில் மட்டுமே பதினைந்து கோடிக்கு மேல் பெயர்கள் பதிவாகிவிட்டன. நல்ல சொற்கள் எப்போதோ போய்விட்டன. 2013-க்குப் பிறகு வந்த புது வால்களோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேட்கிற விலை பிடிக்காதவர் வேறு வாலைச் சேர்த்துக்கொண்டு போகிறார்.

பொதுச் சொல்லை விற்பதில் குற்றமில்லை. பிறர் வளர்த்த பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது வேறு விஷயம். சினிமாக் காமிரா உலகில் புகழ்பெற்ற பனாவிஷன் கம்பெனியின் பெயரை டென்னிஸ் டோப்பன் என்ற அமெரிக்கர் பதிவு செய்து, 13,000 டாலர் கேட்டார். அந்த விலாசத்தில் அவர் வைத்திருந்தது இல்லினாய் மாநிலத்துப் ‘பானா’ ஊரின் புகைப்படங்கள்! இந்தச் சாமர்த்தியம் கோர்ட்டில் செல்லவில்லை. 1998-ல் அப்பீலிலும் தோற்றார். மறு ஆண்டே அமெரிக்கா தனிச் சட்டம் செய்தது. பெயர் ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரை நஷ்ட ஈடு விதிக்கலாம்.

நம் நாட்டிலும் தீர்ப்பு உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் ‘சிஃபி’ பெயரை ஒத்த பெயரைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வைத்துக்கொண்டதை எதிர்த்து வழக்காடியது. 2004-ல் சுப்ரீம் கோர்ட், வியாபாரச் சின்னத்தைப் போலவே டொமைன் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்று கூறி, சென்னைக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எனினும் சட்டம் எட்டாத மூலை ஒன்று இருக்கிறது. புதுப்பிக்க மறந்தவரின் பெயரை, மீட்புக் கெடு தாண்டிய கணமே கவ்விக்கொள்ளக் கம்ப்யூட்டர்கள் காத்திருக்கின்றன. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். பொது வார்த்தை ஒன்றைப் பெயராகக் கொண்ட சின்ன ஜவுளிக் கடைக்காரர், தம் விலாசத்தைத் தாமே பல மடங்கு விலை கொடுத்து மீட்க வேண்டியதுதான். வெப்சைட் செய்து தந்தவர் தம் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம். பதிவு யார் பெயரில் இருக்கிறது, கெடு என்று முடிகிறது என்பதைக் கடைக்காரர்கள் இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.