‘வீட்டில் சும்மா இருக்கிறார்’

கோலார் தங்கவயலின் கோரமண்டலில், காலை ரயிலில் பெங்களூருக்குச் செல்பவர் வேலைக்குப் போகிறவர் எனப்படுகிறார். அவருக்கு முன்பே எழுந்து கோழிக்கூடையைத் திறந்து, ஆட்டுக்குத் தழை ஒடித்து, மாட்டைக் கறந்து, சாணம் அள்ளும் பெண்ணோ ‘வீட்டில் சும்மா இருக்கிறார்’ எனப்படுகிறார். பலவேளை அவரே தம்மைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். இச்சொல்லாட்சியை வெறும் அடக்கமாகக் கருதிவிட இயலாது.

தங்கவயலில் ‘வேலை’ என்னும் சொல்லுக்குப் பொருள் வகுத்தது சுரங்கம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதுவரை, ஷிப்டும் சம்பளமும் உள்ளதே வேலையாக அறியப்பட்டது. லைன் வீட்டு வாசலில் கோழி மேய்ந்தது. ஆனால் அது பேரேட்டில் ஏறவில்லை. சுரங்கம் மூடிய பின்னரும் அதன் அகராதி மூடப்படவில்லை.

அரசின் கணக்கேடும் இதே அகராதியைத்தான் புரட்டுகிறது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் புழக்கடைக் கோழியினங்கள் ஏறத்தாழ 31.7 கோடி என்றும், 2012-ஐவிட இது சுமார் 46 விழுக்காடு மிகுதி என்றும் கூறுகிறது. கோழி எண்ணப்பட்டுவிட்டது. ஆனால் தேசிய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில், வீட்டுப் பணியோடு விறகும் மாட்டுத் தீவனமும் சேகரிப்பவருக்குக் குறியீட்டு எண் 93. அவர் உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிற்பவர். மாடு சொத்தாகவும் பால் உற்பத்தியாகவும் கொள்ளப்படும்போது, புல் சுமந்தவர் மட்டும் ‘வேலையில் இல்லாதவர்’ ஆகிறார். தம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பொருள் ஆக்குவதும் வேலையே என்று 2013-இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வரையறுத்த பின்னரும் இந்நிலை நீடிக்கிறது.

தமிழில் ‘மாடு’ என்றாலே செல்வம் என்று பழம்பொருள் உண்டு. தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. மும்மொழியும் புழங்கும் தங்கவயலில் இந்த ஒரு பறவையை விற்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இவ்வளவு ஆழமாக வேரூன்றிய ஒரு தொழிலுக்குத் தொழில் என்ற பெயர்தான் இன்னும் வாய்க்கவில்லை.

பெயர் இல்லாததன் விலையைக் கோழிகள் செலுத்துகின்றன. வெள்ளைக் கழிச்சல் ஒரு வாசலில் நுழைந்தால் சில நாட்களில் தெருவே வெறிச்சோடிவிடும். தடுப்பு மருந்து உண்டு, விலையும் அதிகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் நூறு கோழிகளுக்கும் மேற்பட்ட அளவிலேயே குப்பியில் வருகிறது. கலக்கிய சில மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும். அதுவரை குளிர்ச்சி கெடலாகாது. ஆயிரம் கோழிகள் வளர்க்கும் பண்ணைக்கு இது இடையூறன்று. எட்டுக் கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியை வாங்கி என்ன செய்வார்? நாட்டுக்கோழி 21 நாள் அடைகாத்து இறக்கிய குஞ்சுகள், மருந்து இல்லாமையால் அல்ல, மருந்தின் அளவு அவர்களை நினைத்து வகுக்கப்படாமையால் சாகின்றன.

நெருக்கமான லைன் வீடுகளில் கால்நடை வளர்ப்பது சுகாதாரக் கேடு என்னும் மறுப்பில் நியாயம் இருக்கிறது. நாற்றமும் ஈயும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையே. ஆனால் அதற்குத் தீர்வு விரட்டுவதன்று. பொதுக் கொட்டிலும் எருக்குழியும் அமைத்துத் தருவதே. மேய்ச்சல் நிலம் பற்றிய கேள்வியும் நெருங்கி வந்துவிட்டது. பழைய சுரங்கக் கழிவு மேடுகள் 13-இல் மீண்டும் பொன் பிரிக்கும் திட்டத்திற்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலைவாய்ப்பு வரும் என்கிறார்கள், வரட்டும். ஆனால் மேட்டுப் புழுதி எத்திசையில் பறக்கும், அதையொட்டிய தரிசில் மேயும் ஆடுகள் எங்கே போகும் என்பதை ஆடு மேய்ப்பவரிடமும் கேட்டாக வேண்டும். வேலையில்லாதவர் என்று பதிவானவரிடம் யாரும் அவருடைய தொழில் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

ஆகவே தேவைப்படுவன மிக எளியவை: தெருவாரியாக நாள் குறித்து, ஒரே குப்பியைப் பல வீட்டுக் கோழிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தடுப்பூசி முகாம், தடுப்பூசி போடப் பயிற்சி பெற்று ஊதியமும் பெறும் உள்ளூர்ப் பெண்கள், மேய்ச்சல் நிலம் குறித்த முடிவுகளில் அவர்களுக்கு ஓர் இடம். இவை அனைத்திற்கும் முன்பாக ஒன்று. ‘என்ன வேலை செய்கிறார்?’ என்ற கேள்விக்கு, ‘கால்நடை வளர்க்கிறார்’ என்று வீட்டார் விடை சொல்லப் பழக வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை.